ஐந்தாம் சீலமும் நம் பிள்ளைகளும்

பஞ்ச சீலத்துள் ஐந்தாவது, மதியை மயக்கும் பொருள்களை விலக்கும் சீலமாம். இதன் பாளி வாசகத்தில் ‘பமாதம்’ என்னும் சொல் வருகின்றது. விழிப்பின்மை என்பது அதன் பொருள். ஆகவே கள், சாராயம் மட்டுமன்றி, விழிப்பைக் கெடுக்கும் கஞ்சா, போதை மாத்திரை, முகரும் பசை யாவும் இச்சீலத்துள் அடங்கும். 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் தீட்சை பெற்ற பின்னர் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள்ளும் மதுவிலக்கு ஒன்று.

சிகாலோவாத சுத்தத்தில் பகவர் குடியின் கேடுகள் ஆறு என்றார்: பொருளிழப்பு, சச்சரவு, நோய், பழி, நாணிழத்தல், அறிவு மழுங்கல். இறுதிக் கேடு சிறாரை மிகுதியும் தாக்கும். மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை முதிர்கின்றது. ஆராய்ந்து அடங்கும் ஆற்றலுக்குரிய முன்பகுதியே கடைசியில் முதிர்வது.

மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பசை, தின்னர் முதலியவற்றை முகர்வோர் பெரியவர்களுள் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதினருள் 1.17 விழுக்காடு. மயக்கப் பொருள்களுள் சிறார் விகிதம் பெரியோரை விஞ்சியது இவ்வொன்றில்தான். இவை மலிவானவை, எளிதிற் கிடைப்பவை.

அகப்பட்ட பிள்ளையைப் பள்ளியினின்று நீக்குக, சங்கத்தில் சேர்க்கற்க என்பார் உளர். பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் வழிவந்த நாம், நம் பிள்ளையை நாமே வெளியே நிறுத்தலாமோ? பள்ளியை இழந்தவனுக்கு, போதை தந்த கூட்டமே துணையாய் எஞ்சும்.

பகவர் சிறுவன் இராகுலனுக்குப் போதித்த முறை வேறு. கண்ணாடியில் முகம் நோக்குவதுபோல், செயலை அதன் முன்னும், செய்யும்போதும், பின்னும் நோக்குக என்றார். தீங்கெனக் கண்டதை ஆசிரியரிடமோ அறிவுடைய தோழரிடமோ திறந்துரைத்து, இனி அடங்குக என்றார். பிள்ளை திறந்துரைக்க வேண்டுமாயின், அடியாது கேட்கும் செவி வேண்டும். அச்செவியாதல் நம் கடமை.

செய்யத்தக்கவை:

1. பெற்றோர் முதலில் தாம் சீலம் காக்க. தந்தை குடித்துவிட்டு மகனைத் தண்டிப்பது தம்மமன்று.

2. ஆசிரியர், மாணவனின் வருகை குறைதல், தூக்கம், தோழமை மாறுதல் இவற்றைக் கவனித்துத் தனியே அழைத்துப் பேசுக.

3. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்றலை 2003-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. மருத்துவர் ஆணையின்றிச் சிறாருக்கு மது, போதை, புகையிலை தருவோர்க்கு 2015-ம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் 7 ஆண்டு வரை கடுங்காவலும் லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றது. சங்கத்தார் ஒன்றுகூடி முறையிடுக.

4. நெடுநாட் பழக்கத்தைத் திடீரென நிறுத்துதல் சிலர்க்கு ஆபத்தாகும். அரசு மருத்துவமனையை நாடுக. 14446 என்னும் இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம்.

5. விகாரையில் மாலை வகுப்பும் விளையாட்டும் நடத்துக. மீள்பவனுக்கு அங்கே ஒரு பொறுப்பும் அளிக்க.

மீண்டும் தவறினும் மீண்டும் அழைப்போம். நம் தெருவில் அவ்வாறு அழைக்கப்பட வேண்டிய பிள்ளை யாவன்? அவனிடம் முதலிற் பேசுவோர் யாவர்? ஞாயிறு வகுப்பில் இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போமாக.