பேச மட்டும் ஒரு போன்

கேள்வி:

எனக்கு 74 வயது. பாலக்காட்டில், பழைய கல்பாத்தியில் தனியாக இருக்கிறேன். ஆத்துக்காரர் ரயில்வேயில் இருந்தார். போய் ஒன்பது வருஷம் ஆச்சு. பெண் மும்பையில், பிள்ளை சென்னையில். என்னிடம் இருப்பது கீபேட் போன்தான். இன்டர்நெட் எனக்கு வேண்டாம். கண்ணும் பிடிக்கவில்லை, ஆசையும் இல்லை. ஆனாலும் 28 நாளைக்கு ஒருதரம் 199 ரூபாய் கட்ட வேண்டியிருக்கு. அதில் டேட்டாவும் சேர்த்தியாம். "பேசறதுக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா" என்று கடையில் கேட்டால், "அதெல்லாம் நிறுத்தியாச்சு மாமி" என்கிறார்கள். போன ஐப்பசியில் ரீசார்ஜ் முடிந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். கல்பாத்தித் தேருக்குக் கொடியேற்றிய அன்றைக்கே என்னால் யாரையும் கூப்பிட முடியவில்லை. கூட்டம் குறையட்டும், கடைக்குப் போகலாம் என்று இருந்தேன். தேரன்றைக்கு உள்ளே வருகிற போனும் நின்றுவிட்டது. பெண் பதறிப்போய் பக்கத்தாத்துக்குக் கூப்பிட்டாள். பென்ஷனுக்கு லைஃப் சர்டிஃபிகேட்டும் இனிமேல் போனில்தான் என்று ஒருவர் சொல்கிறார். பேரன், "இன்டர்நெட் உரிமைன்னு கேரளா ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு பாட்டி" என்கிறான். சரி, வேண்டாம் என்கிறவளுக்கு ஒரு உரிமையும் கிடையாதா?

வாசகி, கல்பாத்தி

பதில்:

கடையில் உங்களுக்குச் சொன்னது தவறு, அம்மா. பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ் இருக்கிறது. அது நிறுவனங்கள் மனமிரங்கிக் கொடுப்பதில்லை. கொடுத்தே ஆக வேண்டியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024 டிசம்பர் 23ஆம் தேதி நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைத் திருத்தியது. டேட்டா சேர்க்காமல், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ஒரு ரீசார்ஜையாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்தத் திருத்தம். இந்த வகை வவுச்சர்களுக்கு 90 நாள்தான் உச்சவரம்பு என்று இருந்ததையும் 365 நாளாக நீட்டினார்கள். அப்போது டிராய் கணக்கில் எடுத்துக்கொண்டவர்களில் நீங்களும் உண்டு: இன்னும் 2ஜி போன் வைத்திருக்கும் சுமார் 15 கோடிப் பேர், வீட்டில் தனியாக பிராட்பேண்ட் வைத்திருக்கும் முதியவர்கள், இரண்டு சிம் போட்டுக்கொள்கிறவர்கள்.

அப்படியானால் இந்த 199 எங்கிருந்து வந்தது? 2005 கடைசியில் 'லைஃப்டைம்' சிம் வந்தது உங்கள் நினைவில் இருக்கலாம். ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவாக ஒருதரம் கட்டினால் ஆயுளுக்கும் இன்கமிங் என்று சொல்லி விற்றார்கள். அதை நம்பி வாங்கியவர்கள் பலர். 2018 கடைசியில், மாதாமாதம் 35 ரூபாயாவது போட்டால்தான் சிம் உயிரோடு இருக்கும் என்று பெரிய நிறுவனங்கள் ஆரம்பித்தன. அந்த 35 படிப்படியாக ஏறியது. 2024 ஜூலையில் பல வாடிக்கையாளர்களுக்கு அது 199 ஆகிவிட்டது. போன் வந்தால் எடுத்துப் பேசுவதற்கு மட்டும் ஆறு வருஷத்தில் ஐந்து மடங்குக்கு மேல்.

28 நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மாதம் என்று நினைத்துக்கொண்டு கட்டுகிறோம். வருஷத்துக்கு 13 தரம் கட்டுகிறோம். 199ஐ 13ஆல் பெருக்கினால் 2,587 ரூபாய். இதைப் பற்றியும் புகார்கள் குவிந்து, 30 நாள் திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவிட்டது. அவை இன்றும் இருக்கின்றன. கடைக்காரர் வாயிலிருந்து முதலில் வருவது மட்டும் 28தான்.

டேட்டா இல்லாத திட்டங்கள் 2025 ஜனவரியில் வெளிவந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏர்டெல்லில் அப்போது 365 நாளுக்கு 24 ஜிபி டேட்டாவோடு 1,999 ரூபாய்க்கு ஒரு திட்டம் இருந்தது. விதி வந்ததும் அதிலிருந்து டேட்டாவை எடுத்துவிட்டு 1,959 ரூபாய்க்குப் போட்டார்கள். 24 ஜிபியை எடுத்ததற்கு நாற்பது ரூபாய் குறைவு! புதிய விலைகளை ஆராயப்போவதாக டிராய் சொன்ன சில நாளிலேயே அது 1,849 ஆனது. வோடஃபோன் ஐடியாவும் வருஷத்துக்கு 1,849தான் வைத்தது. ஜியோ 336 நாளுக்கு 1,748. ஒழுங்குமுறை ஆணையம் கண்ணைத் திறந்து பார்க்கிறது என்று தெரிந்தாலே 110 ரூபாய் குறைகிறது. அந்த ஆணையத்தின் வேலை ஒரு விதியை அச்சடித்து வெளியிட்டதோடு முடிந்துவிடாது என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

நீங்கள் இப்போது கட்டும் 2,587ஓடு அந்த 1,849ஐ ஒப்பிட்டால் வருஷத்துக்கு 738 ரூபாய் மிச்சம். நான் சொல்வது திட்டம் வந்த சமயத்து விலை. நீங்கள் கேட்கும் நாளில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, 28 நாளுக்கு ஒருதரம் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்து, அதையும் மறந்துவிடுவோமோ என்று பயந்துகொண்டிருப்பது நின்றுபோகும் என்பதுதான்.

என் அம்மாவின் போனுக்கு நானே இதைத் தேடியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆப்பைத் திறந்தால் முதலில் சினிமா, கிரிக்கெட், தினம் 2 ஜிபி. கீழே தள்ளினால் தினம் இரண்டரை ஜிபி. தலைப்பு தலைப்பாகத் திறந்து பார்த்து, கடைசித் தலைப்பின் அடியில்தான் அது கிடைத்தது. பேச்சுக்கு மட்டுமானது என்று பெயரில் ஒரு அடையாளமும் இல்லை. விவரத்தைத் திறந்து, டேட்டா என்ற வரி இல்லாததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பொடி எழுத்தை நானே கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டியிருந்தது என்றால், ஆப்பே இல்லாத கீபேட் போன்காரர்கள் என்ன செய்வார்கள்? யாருக்காக அந்தத் திட்டம் வந்ததோ அவர்கள் கண்ணில் படாத இடத்தில் அதை வைத்திருப்பது ஏமாற்றுதான். வேறு மென்மையான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கமிஷன் எதில் வருகிறதோ அதைச் சொல்கிறார். பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் கடைக்குப் போய்த் தொகையைச் சொல்லாதீர்கள். "டேட்டா வேண்டாம், வாய்ஸும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும், ஒரு வருஷத்துக்கு" என்று சொல்லுங்கள். இல்லை என்றால், உங்கள் போனிலிருந்தே 198க்குக் கூப்பிடுங்கள். அது புகார் எண், காசு கிடையாது. புகாரைப் பதிந்ததும் ஒரு எண் தருவார்கள். அதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இல்லாவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் நடக்காது. பதில் திருப்தியாக இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம்; அவர்கள் 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். டிராய்க்கு நேரடியாக எழுதிப் பலனில்லை, தனிநபர் புகாரை அவர்கள் தீர்த்துவைப்பதில்லை. பழைய எண்ணை வைத்துக்கொண்டே வேறு நிறுவனத்துக்கு மாறும் வழியும் உண்டு: 'PORT' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு உங்கள் எண்ணைப் போட்டு, 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். மாறுவதற்கு முன்னால், அந்த நிறுவனத்துக்கு உங்கள் ஆத்துக்குள்ளே சிக்னல் கிடைக்கிறதா என்று பக்கத்தாத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அக்ரஹாரத்து வீடுகள் வாசலிலிருந்து கொல்லை வரை நீளமானவை. வாசலில் கிடைக்கும் சிக்னல் சமையலுள்ளில் கிடைக்கும் என்று நிச்சயமில்லை.

எதுவும் நடக்கவில்லை என்றால் பாலக்காட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வெகுநாள் இந்தக் கதவு மூடிக் கிடந்தது. மூடியதும் கேரளத்து வழக்கு ஒன்றுதான். கோழிக்கோட்டில் துண்டிக்கப்பட்ட ஒரு போன் இணைப்பைப் பற்றிய வழக்கில், டெலிபோன் தகராறுகளுக்கு நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாது, பழைய தந்திச் சட்டப்படி நடுவரிடம்தான் போக வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், வோடஃபோன் ஐடியா வழக்கில், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தீர்த்துவைத்தது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

லைஃப் சர்டிஃபிகேட் விஷயத்தில் பயப்படவே வேண்டாம். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் முறை 2014 நவம்பரில் வந்தது. இப்போது முகத்தைப் படம் பிடித்தே செய்யலாம். வசதிதான், ஆனால் கட்டாயம் இல்லை. நவம்பரில் பென்ஷன் வாங்கும் பாங்க்குக்குப் போய்ப் பேப்பரில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பழைய முறை அப்படியே இருக்கிறது. நடக்க முடியாவிட்டால் தபால்காரரே வீட்டுக்கு வந்து, கைரேகை பதியும் கருவியில் எடுத்துக்கொண்டு போவார். அதற்குச் சிறு கட்டணம் உண்டு. உங்களுக்கு 80 ஆகும்போது அக்டோபரிலேயே கொடுக்கலாம், தேர்க்கூட்டத்துக்கு முன்னால் முடித்துவிடலாம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பேரன் சொன்னது சரி. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஒரு கல்லூரி மாணவி, விடுதியில் மாலை ஆறிலிருந்து பத்து வரை போனை ஒப்படைக்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்டாள். 2019 செப்டம்பரில் நீதிபதி பி.வி. ஆஷா அவளுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னார்: இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று. நல்ல தீர்ப்பு. அந்தப் பெண்ணுக்கு அது தேவைப்பட்டது. அதற்குப் பின் மாநில அரசு கே-ஃபோனைக் கொண்டுவந்தது. 2023 ஜூன் 5இல் தொடங்கிய அதன் இலக்கு 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம். 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் மாநிலம் என்று கேரளத்தை அறிவித்தார்கள். நூறு வயது தாண்டியவர்கூட அதில் கற்றுக்கொண்டார். இவை எல்லாவற்றையும் நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்துப் பாருங்கள். தன் போனை எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்று அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும், விடுதி அல்ல என்பதுதான் அதன் உயிர். அதே நியாயம் உங்களுக்கும் உண்டு. கல்லூரி மாணவியின் கையிலிருந்து போனைப் பிடுங்குவது எப்படித் தவறோ, 74 வயதுக்காரியின் கையில் வேண்டாத போனைத் திணிப்பதும் அப்படித் தவறு. நம் சட்டத்தில் இது இன்னும் எழுத்தாக வரவில்லை. ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா மாகாணத்தில் வந்துவிட்டது: 2023 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் 94 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு, இணையம் இல்லாமல் வாழும் உரிமையை மாகாண அரசியல் சாசனத்தில் சேர்த்தார்கள். ஸ்பெயினில் வலென்சியாவைச் சேர்ந்த கார்லோஸ் சான் யுவான் என்ற ஓய்வுபெற்ற டாக்டர், 78 வயதில், 'நான் வயசானவன், முட்டாள் இல்லை' என்று பாங்க்குகளுக்கு எதிராக ஒரு கையெழுத்து இயக்கம் நடத்தினார். ஆறு லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 2022 பிப்ரவரியில் பாங்க்குகள் முதியவர்களுக்குக் கவுண்டர் நேரத்தை நீட்டிக்க ஒப்புக்கொண்டன.

கேரளத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா மையங்கள் இருக்கின்றன. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் நடந்து போய், ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். எல்லாச் சேவையும் ஆப்புக்குப் போகிற காலத்தில் அந்த மையங்களைச் சுருக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கேளுங்கள். கல்பாத்தித் தேருக்காகத்தான் 2024இல் பாலக்காட்டு இடைத்தேர்தலை நவம்பர் 13இலிருந்து 20க்குத் தள்ளிவைத்தது தேர்தல் ஆணையம். தேருக்காகத் தேதியை மாற்ற முடிந்தவர்களுக்கு, அந்தத் தெருவில் தனியாக இருக்கும் ஒருத்தியின் போனை யோசிக்கவும் முடியும்.

இந்த ரீசார்ஜ் முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் கடைக்குப் போங்கள். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதைப் போட்டால் நடுவில் அறுபடாது. போட்டதும் வரும் எஸ்எம்எஸ்ஸில் கடைசித் தேதி இருக்கும். பக்கத்தாத்துக் குழந்தையை விட்டுப் படிக்கச் சொல்லி, அந்தத் தேதியை உங்கள் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். கடையிலும் 198இலும் என்ன பதில் கிடைத்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.