கெட்ட குமாரன் கதை சொல்லப்போகும் தம்பிக்கு

அன்பார்ந்த தம்பிக்கு,

வருகிற லெந்து நாட்களில், 1766-இல் சுவார்ட்ஸ் ஐயர் கட்டுவித்த நம் கோட்டைக் கிறிஸ்து ஆலயத்தில், கெட்ட குமாரன் கதையைக் காலட்சேபமாகச் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கலை இளையவர் கையில் பிழைத்துக்கொள்ளும் என்று மகிழ்ந்தேன். ஆனால் பன்றிகளின் நடுவே அவன் புலம்புவதற்கு மட்டும் முகாரியில் நான்கு உருப்படிகள் வைத்திருக்கிறாய் என்று படித்ததும், என் வாலிபத்துப் பிழை நினைவுக்கு வந்தது.

சபையை அழவைக்கும் சாமர்த்தியமே பச்சாத்தாபத்தைப் பிரசங்கிப்பது என்றெண்ணி, நானும் அவனை அரைமணி நேரம் தவிட்டுக்கு ஏங்கவைத்து, தகப்பன் ஓடிவந்ததை ஒரே கண்ணியில் முடித்தேன். அன்றிரவு, எனக்கு மிருதங்கம் வாசித்த ஸ்ரீரங்கத்துத் தென்கலை வைஷ்ணவரை வீட்டில் விட்டுவர ஜட்காவில் காவிரிப் பாலத்தைக் கடக்கையில், "உம்முடைய பிள்ளையாண்டான் குரங்குக்குட்டியாக அல்லவா வந்தான்; கதையைப் பார்த்தால் பூனைக்குட்டி போலிருக்கிறதே!" என்றார் அவர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியின் மர்க்கட நியாயமா, தாய் கவ்விக்கொண்டுபோகும் பூனைக்குட்டியின் மார்ஜார நியாயமா என்று வைஷ்ணவர்களுக்குள் நூற்றாண்டுகளாக வாதம் உண்டு. பூனைக்குட்டியின் பக்கம் நிற்கும், பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரோ, பகவானுடைய கிருபை நிர்ஹேதுகமானது, நம் பக்கத்துக் காரணம் எதற்கும் காத்திராதது என்பார்கள். கிருபையைப் பற்றிப் பவுல் அப்போஸ்தலர் எழுதியது எனக்கு விளங்க ஒரு திருமண் இட்டவர் வேண்டியிருந்தது, பார்! (சிலுவையைப் பற்றி அவரோடு எனக்கிருந்த வழக்கு வேறு, அது தீரவேயில்லை.)

மறுநாள் லூக்கா 15-ஆம் அதிகாரத்தைப் புதிதாக வாசிப்பவன்போல் வாசித்தேன். பாவம் செய்ததாக ஒன்று, மகன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி போயிற்று என்று ஒன்று, சம்பளத்துக்கு நிற்கும் ஆட்களோடு தன்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு ஒன்று என, அந்தப் பையன் தூரதேசத்தில் மூன்று வாக்கியங்களை நெட்டுருப் போடுகிறான். ஆனால் தூரத்தில் வரும்போதே கண்டு, ஓடிவந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்ட தகப்பனிடம் அவன் சொன்னவை முதல் இரண்டே. கூலி பேசும் மூன்றாவதற்கு அங்கே இடமில்லை. மனந்திரும்புதல் பொய்யென்று சொல்லவில்லை. அவன் எழுந்து நடந்தான் அல்லவா? ஆனாலும் முத்தம் அறிக்கைக்கு முந்திவிட்டது.

ஆகையால் முகாரியை ஓர் உருப்படியோடு நிறுத்து. தொழுவத்தில் அந்த மூன்று வாக்கியங்களையும் தாளமில்லாத விருத்தமாகப் பாடு. வீட்டு வாசலில் அதே விருத்தத்தை எடுத்து, இரண்டாம் அடி முடிந்து சபையின் காது மூன்றாவதற்குக் காத்திருக்கும் அந்தக் கணத்தில், சிப்ளாக்கட்டையைத் தட்டி மிருதங்கத்தை எழவிட்டு, வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று பாடிக்கொண்டே போய்விடு.

கதையின் மூத்த குமாரனை மட்டும் அவசரப்பட்டு விருந்துக்குள் இழுத்துவிடாதே. அவன் உள்ளே போனானா என்பதை லூக்கா எழுதவில்லை; ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வரும் நம் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவனை வாசலிலேயே நிற்கவிட்டு மங்களம் பாடு.

இங்ஙனம்,
உன் அண்ணன்