பேஸ் மாடிக்கு, தூக்கம் கீழ் வீட்டுக்கு

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும். அதனால் விடியுமுன் எழுந்து, இரவில் சீக்கிரமே படுத்துவிடுகிறார்கள். மாடியில் குடியிருப்பவர் ஹோம் தியேட்டரைப் போடுவதும் அந்த நேரத்தில்தான். சப்வூஃபர் உறுமினால் கீழ் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுக்கும். இதற்குத் தீர்வுகள் பல உண்டு. எது உங்கள் வீட்டுக்கு உதவும் என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள்.

முதலில் ஒரு சோதனை

பேஸ் இரண்டு வழியாகக் கீழே இறங்கும். பெட்டியின் அதிர்வு நேராகத் தரைக்குள் போவது ஒன்று. காற்றில் பரவும் ஒலி காங்கிரீட் தளத்தையே அசைப்பது இன்னொன்று. சப்வூஃபரைத் தரையில் வைத்து ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு மடித்த மெத்தையின்மேல் வைத்து, அதே பாட்டை அதே வால்யூமில் போடுங்கள். "அக்கா, இப்ப எப்படிக் கேக்குது?" என்று கீழ் வீட்டில் கேளுங்கள். குறைந்திருந்தால் சிக்கல் தரையில். அப்படியே இருந்தால் காற்றில்.

அடியில் வைக்கும் பேட்

சிக்கல் தரையில் என்றால் இதுவே முதல் தேர்வு. பெட்டியின் எடைக்கு ஏற்றதாக வாங்குங்கள்; எடை தாங்காமல் நசுங்கிப்போன ஸ்பாஞ்ச் அதிர்வைத் தடுக்காது. ஸ்பிரிங் வைத்தவை நன்றாக வேலை செய்யும், ஆனால் உப்புக்காற்றில் சாதா இரும்பு துருப்பிடிக்கும். கடலோர வீட்டுக்கு நியோபிரீன் ரப்பரே நல்லது. காற்றில் போகும் பேஸை எந்தப் பேடும் நிறுத்தாது.

கார்ப்பெட், சுவர் ஃபோம், முட்டை அட்டை

பேஸுக்காக இவற்றை வாங்க வேண்டாம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். சில சென்டிமீட்டர் பஞ்சு அதை ஒன்றும் செய்யாது.

சப்வூஃபரை அருகில் கொண்டுவருவது

சிக்கல் காற்றில் என்றால், செலவே இல்லாத வழி இது. மூலையில் இருக்கும் பெட்டியை எடுத்து, சோபாவுக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். பக்கத்திலேயே கேட்பதால் வால்யூமைக் குறைத்தாலும் பேஸ் நிறைவாக இருக்கும். 6 டெசிபல் குறைத்தால் ஆம்ப்ளிஃபையர் தரும் திறன் நாலில் ஒரு பங்காகிவிடும்.

அடிமட்டத்தை வெட்டுவது

பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அதனால் 40-க்குக் கீழே வெட்டினாலும் இளையராஜா பாட்டின் பேஸ் கிதார் அப்படியே கேட்கும். போவது சினிமா வெடிச்சத்தத்தின் அடி உறுமல்தான். படம் பார்க்கும்போது ரிசீவரில் நைட் மோட் போடுங்கள். திடீரென்று எகிறும் சத்தம் அடங்கி, வசனம் தெளிவாகக் கேட்கும்.

பேஸ் ஷேக்கர்

சோபாவின் அடிச்சட்டத்தில் திருகி மாட்டும் சிறிய அதிர்வுக்கருவி. காற்றில் ஒலியை அதிகம் பரப்பாமல், உடம்பில் பேஸை உணர்த்தும். இரவில் படம் பார்ப்பவர்களுக்கு நல்ல தேர்வு. சோபாக் கால்களுக்கு அடியில் ரப்பர் வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் அதிர்வு மறுபடி தரைக்கே போகும்.

ஹெட்போன்

தனியாகக் கேட்பவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. நடுராத்திரியிலும் கீழே ஒரு சத்தமும் போகாது. நெஞ்சில் மோதும் அந்த அதிர்வு மட்டும் கிடைக்காது.

யாருக்கு எது?

பகலில் பாட்டுக் கேட்பவருக்கு பேடும், பெட்டியை இடம் மாற்றுவதும் போதும். இரவில் குடும்பத்தோடு படம் பார்ப்பவர்கள் நைட் மோடும் ஷேக்கரும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஊர் அடங்கிய பிறகு தனியாகக் கேட்பவருக்கு ஹெட்போன்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45. இது 'ஏ' அளவுகோலில் கணக்கிடுவது. அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 30 டெசிபல் குறைத்தே காட்டும். ஆகவே போன் ஆப்பில் எண் குறைவாக இருந்தாலும் கீழே தூக்கம் கெடலாம். கீழ் வீட்டில் எத்தனை மணிக்குப் படுப்பார்கள் என்று கேட்டு, அதற்குள் சப்வூஃபரை அணைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் உப்பள வேலை நிற்கும்போது அவர்கள் நேரமும் மாறலாம். அப்போது மறுபடி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.