பாசி எண்ணெய்: அறுவடையில் உள்ள சங்கடம்

தேங்கிய நீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகளுள் சிலவற்றில் எண்ணெய் மிகுதியாய் உண்டு. அவ்வெண்ணெயை மெதனாலுடனும் சிறிது காரத்துடனும் சேர்த்துக் காய்ச்சினால் கிளிசரின் பிரிந்து, டீசல் யந்திரங்களில் எரிக்கத்தக்க பயோடீசல் கிடைக்கிறது. நிலக்கடலையைக் காட்டிலும் ஏக்கராவுக்குப் பன்மடங்கு எண்ணெய் காணும் என்ற பேச்சைக் கேட்டுக் குளம் வெட்ட முற்படுவோர், அமெரிக்காவில் நடந்ததை முதலில் அறிதல் நலம்.

அந்நாட்டு அரசாங்கம் 1978 முதல் 1996 வரை இவ்வாராய்ச்சியை நடத்திற்று. 3,000-க்கு மேற்பட்ட பாசிகள் திரட்டப்பட்டு, சுமார் 300 பொறுக்கப்பட்டன. நியூ மெக்ஸிகோ மாகாணத்து ராஸ்வெல்லில் 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறையக் கால் ஏக்கரா, பரப்புள்ள இரு குளங்கள் அமைந்தன. பந்தயப் பாதைபோல் வளைந்த ஆழமற்ற வாய்க்காலில் துடுப்புச் சக்கரம் நீரை ஓயாது ஓட்டும்; பாசிக்கு உணவாகக் கரியமிலவாயு செலுத்தப்படும். சில நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை விளைந்ததுண்டு. ஆயினும் இரவுக் குளிரால் தினசரிச் சராசரி 10 கிராம் அளவிலேயே நின்றது. விதைத்த இனத்தை உள்ளூர்ப் பாசி, களைபோல் புகுந்து வென்றதும் உண்டு.

தழைச்சத்தை நிறுத்தினால் பாசியில் எண்ணெய் விகிதம் ஏறும். அதனை நம்பி மகிழ்வதற்கில்லை. வளர்ச்சி குன்றிவிடுவதால் மொத்த எண்ணெய் கூடுவதில்லை.

இனி அறுவடை. மேற்கூறிய குளமொன்றில் 8 அங்குலம் நீர் நின்றால் சுமார் 2 லட்சம் லிட்டராகும். லிட்டருக்கு அரை கிராம் பாசி என்று கொண்டால் உலர்ந்த எடை 100 கிலோ. அதில் ஐந்திலொரு பங்கு எண்ணெயாயின் 20 கிலோ. இந்த 20 கிலோவுக்காக 2 லட்சம் லிட்டர் நீரையும் பிரித்தாக வேண்டும்! பாசியணு மிக நுண்ணியதாதலால் வடிதுணி விரைவில் அடைத்துக்கொள்ளும். பாலேடு பிரிக்கும் யந்திரம் போன்ற சுழல் யந்திரத்தில் அவ்வளவு நீரையும் விட்டால் மின்சாரச் செலவே எண்ணெயின் விலையை விழுங்கிவிடும். ஆகவே படிகாரம் முதலியன இட்டுத் திரளச் செய்து, அடியில் படியவோ குமிழிகளால் மேலே மிதக்கவோ விட்டு, கெட்டியான குழம்பை மட்டும் யந்திரத்திற்கு அனுப்புவர். படிகாரமோ பிண்ணாக்கில் தங்கி, அதனைத் தீவனமாக்கத் தடையாகிறது. உலர்த்தும் செலவு வேறு.

1998-இல் வெளியான முடிவறிக்கை, விளைச்சலைத் தாராளமாக மதிப்பிட்டும், பாசி டீசலின் அடக்கவிலை அக்காலத்துப் பெட்ரோலிய டீசலைப்போல் இருமடங்காகும் என்றே கணித்தது.

சுருள்பாசி வளர்ப்போருக்கு இச்சங்கடம் அவ்வளவாக இல்லை. அது இழைபோல் நீண்டிருப்பதால் துணியிலேயே வடிந்து நிற்கும். ஆனால் அதில் எண்ணெய் சொற்பம், புரதமே மிகுதி. உணவாகவே அது விலைபோகிறது.