கொல்லம் ஆண்டைக் கணிப்பொறிக்குச் சொல்லிக் கொடுப்போம்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர் வீடுகளில் பழைய ஆதாரங்கள் இருக்கும். ஊரில் பத்திரத்துக்கு அதுதானே பெயர்! 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் பழைய ஆதாரங்களில் தேதி மட்டும் கொல்லம் ஆண்டில்தான்.

சென்ற விடுமுறையில் எங்கள் குடும்ப ஆதாரங்களைக் கணிப்பொறியில் பதிந்தேன். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். எஸ்.க்யூ.எல். மொழியில் அப்படியே எழுதி, தேதி வரிசையில் பட்டியல் கேட்டேன். பாட்டா 1930 ஏப்ரலில் அத்தைக்கு இஷ்டதானம் எழுதிவிட்டு, அந்த நிலத்தை நவம்பரில்தான் வாங்கியதாக வந்தது! வாங்காத நிலத்தை எப்படிக் கொடுப்பார்? பங்கு பேசும் நேரம். அத்தையின் ஆதாரமே போலி என்று ஒருவர் சொல்லிவிட்டார். அத்தை அழுதார்.

பிழை என்னுடையது. கொல்லம் ஆண்டு பிறப்பது ஜனவரியில் அல்ல. சிங்கம் 1-ல், அதாவது ஆகஸ்ட் நடுவில், நம் ஆவணியில். எனவே கணக்கு இரண்டு:

1. சிங்கம் 1 முதல் டிசம்பர் 31 வரை 824 கூட்டுக. திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 துலாம் 27; அது 1936 நவம்பர் 12.

2. ஜனவரி 1 முதல் கர்க்கடகம் முடிய 825 கூட்டுக. திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த 1949 ஜூலை 1, கொல்லம் 1124 மிதுனத்தில் வரும்.

தனு மாதத்தில் கவனம் தேவை: முன்பாதி டிசம்பர், பின்பாதி ஜனவரி.

இனிப் பாருங்கள். பாட்டா வாங்கியது 1105 விருச்சிகம் 5. அது 1929 நவம்பர். கொடுத்தது 1105 மேடம். அது 1930 ஏப்ரல். எல்லாம் முறைதான்.

எழுத்தைத் தேதியாக்க எஸ்.க்யூ.எல்.-லில் 'டு_டேட்' போன்ற கட்டளைகள் உண்டு. ஆனால் அவற்றுக்குக் கொல்லம் கணக்குத் தெரியாது. மேடம் ஒன்பதாவது மாதமென்று 9 போட்டால், செப்டம்பர் என்று எடுத்துக்கொள்ளும். நம் மாதங்கள் சிலவற்றில் 32 நாள் உண்டு. 32-ஐத் தேதியாக ஏற்காது.

நல்ல வழி இது. ஒவ்வொரு கொல்லம் மாதமும் 1-ஆம் தேதி எந்த ஆங்கிலத் தேதியில் பிறந்தது என்று பழைய பஞ்சாங்கம் பார்த்துத் தனி அட்டவணை போடுங்கள். ஆதாரத்தின் ஆண்டையும் மாதத்தையும் அதோடு பொருத்தி, நாளில் ஒன்று கழித்துக் கூட்டச் சொல்லுங்கள். மூலத் தேதியை மட்டும் அழிக்காமல், உள்ளபடியே தனிப் பத்தியில் வையுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான்.

பெரியவர்கள் வாசிக்கட்டும், பிள்ளைகள் பதியட்டும். அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.