நம்பிக்கைகளும் உண்மைகளும்: காசூலேயின் தலபுராணம்

பிரான்சு தேசத்தின் தென்மேற்கிலே, தூலூஸ் நகரத்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே கிடக்கும் லாங்குதோக் பிரதேசத்தில், குளிர்காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு அடுப்பேறுகிற பதார்த்தம் ஒன்று உண்டு. முந்தின இரவே ஊறப்போட்ட வெள்ளைப் பயறும், பன்றி மாமிசமும் அதன் தோலும், கரகரப்பாக அரைத்து உறையில் அடைத்த சாசேஜும், தன் கொழுப்பிலேயே வெந்து அந்தக் கொழுப்பிலேயே பாதுகாக்கப்பட்ட வாத்தின் காலும் வாயகன்ற மண்சட்டியில் ஒன்றுகூடிப் பல மணி நேரம் பக்குவப்பட்டு, மேலே பொன்னிறமாக ஏடு கட்டி இறங்குகிற அதற்குக் காசூலே என்று பெயர். வாத்து எளிதில் கிடைக்காத தேசங்களில் அதன் ஸ்தானத்தைக் கோழி பெற்றுக்கொண்டது. பிரசித்தி பெற்ற எதற்கும் நேர்வது போலவே இதற்கும் ஒரு தலபுராணமும் எண்ணற்ற விதிநிஷேதங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் முழுப் பொய்யானவை சில. காரணம் பொய்யாயிருந்தும் காரியம் மெய்யாயிருப்பவை பல. இந்த இரண்டாம் வகைதான் ஆராய்வதற்குச் சுவாரசியமானது. ஏனென்றால், பாட்டிமார் கைப்பழக்கத்தில் சரியாகவே செய்துவந்த ஒன்றுக்குப் பின்னால் வந்த பண்டிதர்கள் தப்பான வியாக்கியானம் எழுதிவைத்த கதை அது.

புராணத்தை முதலில் பார்த்துவிடுவோம். நூறாண்டுப் போரின்போது, 1355-இல், சரித்திரம் கறுப்பு இளவரசர் என்று அழைக்கிற ஆங்கிலேய எட்வர்டின் சேனை காஸ்தெல்னோதாரி நகரத்தை முற்றுகையிட்டதாகவும், பட்டினி நெருங்கிய வேளையில் ஊரார் தங்களிடம் எஞ்சியிருந்த பயற்றையும் மாமிசத்தையும் ஒரே கொப்பரையில் கொட்டிச் சமைத்து வீரர்களுக்குப் படைத்ததாகவும், அதை உண்டு புஷ்டி பெற்ற வீரர்கள் பகைவரை ஆங்கிலக் கால்வாய் வரையில் துரத்திவிட்டதாகவும் அவ்வூரார் சொல்வர். கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் போர்தோ நகரிலிருந்து புறப்பட்டு நார்போன் வரையில் கொள்ளையிட்டுக்கொண்டே போன அந்தச் சேனை, வழியில் காஸ்தெல்னோதாரியைப் பிடித்துத் தீக்கிரையாக்கிவிட்டு, கைநிறையக் கொள்ளைப் பொருளோடு போர்தோவுக்கே திரும்பியது என்பதுதான் சரித்திரம். அது போகட்டும், இன்று காசூலேயில் விழுகிற வெள்ளைப் பயறு அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. கொலம்பஸ் அப்பக்கம் கரையிறங்கியதோ 1492-இல். நம் கடைகளில் விற்கும் ராஜ்மாவும், நாம் பொரியலுக்கு நறுக்குகிற பச்சை பீன்ஸும் அதே இனத்தைச் சேர்ந்தவைதாம். 1355-இல் காஸ்தெல்னோதாரியார் கொப்பரையில் ஏதேனும் பயற்றைப் போட்டிருந்தால், அது ஃபாவா என்னும் பட்டைப் பயறாகவோ, நாம் காராமணி என்று அறிந்திருப்பதன் உறவாகவோ இருந்திருக்க வேண்டுமேயன்றி, இப்போதைய பயறாக இருந்திருக்க வழியில்லை. இத்தாலியிலிருந்து 1533-இல் மணப்பெண்ணாக வந்த கேதரின் தெ மெதிசி புதுப்பயற்றைச் சீதனத்தோடு கொண்டுவந்தாள் என்று இன்னொரு கதையும் உலவுகிறது. பிரெஞ்சுச் சமையலில் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோதெல்லாம் அந்த அம்மாளுடைய சீதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

எது மெய்யான காசூலே என்ற விவகாரத்தில் மூன்று ஊர்கள் வழக்காடுகின்றன. சமையல் கலைஞர் ப்ரோஸ்பேர் மோந்தாஞே 1929-இல் கிறிஸ்தவத் திரித்துவத்தையே துணைக்கழைத்து, காஸ்தெல்னோதாரியின் காசூலே பிதா என்றும், கார்க்காசோனுடையது சுதன் என்றும், தூலூஸுடையது பரிசுத்த ஆவி என்றும் தீர்ப்புக் கூறினார். கார்க்காசோனில் பிறந்தவர் தம் சொந்த ஊருக்கு இரண்டாம் இடமே தந்தார் என்பதற்காக அவருடைய நடுநிலையை மெச்சலாம். ஆனால் முதலாவதில் பன்றி மட்டுமே, இரண்டாவதில் செம்மறியும் கவுதாரியும், மூன்றாவதில் சாசேஜும் வாத்தும் என்று பின்னால் வந்தவர்கள் கிழித்த எல்லைக்கோடுகளை அடுப்படிகள் மதித்ததாகத் தெரியவில்லை. வீட்டில் இருந்ததே சட்டியில் விழுந்தது. 1966-இல் கூடிய பிரெஞ்சு உணவுக்கலை மகாசபை ஒன்று, நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாமல் பன்றி, செம்மறி அல்லது பாதுகாக்கப்பட்ட பெருவாத்தின் மாமிசம் இருந்தால் போதும் என்றும், மீதி 70 பங்கு பயறும் சாறும் பன்றித்தோலும் வாசனைத் தழைகளுமே என்றும் வரையறுத்தது. காசூலே ஒரு மாமிசப் பதார்த்தம் என்னும் பரவலான அபிப்பிராயம் இந்தக் கணக்கின் முன் நிற்காது. அது பயற்றுப் பதார்த்தம். மாமிசம் அதற்குச் சுவையூட்ட வந்த விருந்தாளி.

அப்படியானால் பயற்றைப் பற்றிய நம்பிக்கைகளே முக்கியமானவை. பயறு வேகுமுன் உப்பைப் போட்டால் தோல் இறுகிவிடும், எத்தனை நேரம் கொதித்தாலும் மசியாது என்று லாங்குதோக்கிலும் சொல்வார்கள், பருப்பு வெந்த பிறகே உப்புப் போடும் நம் வீடுகளிலும் சொல்வார்கள். நடப்பது இதற்கு நேர் மாறானது. பயற்றின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின் என்னும் பொருள். அந்தப் பெக்டினைக் கட்டிவைத்திருப்பவை சுண்ணச்சத்தும் மக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றை அகற்றிவிட்டுத் தான் அங்கே அமர்ந்துகொள்வதால் கட்டு தளர்கிறது, தோல் மிருதுவாகிறது. லிட்டருக்கு 15 கிராம் உப்புக் கரைத்த நீரில் இரவெல்லாம் ஊறிய பயறு, வெறும் நீரில் ஊறியதைவிடச் சீராக வேகும். தோல் வெடித்துச் சிதறுவதும் குறையும். புளிப்பைப் பற்றிய எச்சரிக்கையோ முற்றிலும் மெய்: தக்காளியும் திராட்சைமதுவும் வினிகரும் பெக்டினைக் கரையவிடாமல் காப்பவை, ஆதலால் பயறு மெத்தென்று ஆனபிறகே அவை சட்டிக்குள் நுழைய வேண்டும். ஒரே மூச்சில் சொல்லப்பட்டு வந்த உப்பு, புளிப்பு என்னும் இரண்டு குற்றவாளிகளில் ஒருவர் நிரபராதி.

இந்த இடத்தில் காஸ்தெல்னோதாரியாரின் இன்னொரு பெருமையையும் சொல்லிவிடலாம். தங்கள் ஊர்த் தண்ணீரும், அருகிலுள்ள இஸ்ஸெல் கிராமத்துக் களிமண்ணால் வனைந்த சட்டியும், பக்கத்து மலையின் முட்புதர் விறகும் இல்லாமல் காசூலே உருவாகாது என்பது அவர்கள் கட்சி. விறகின் மகிமையை விசுவாசிகளுக்கே விட்டுவிடலாம். சட்டி மேல்நோக்கி விரிந்த வாயுடையதாக இருப்பதில் பிரயோஜனம் உண்டு. ஏடு கட்டுவதற்குப் பரப்பு வேண்டுமல்லவா? அப்படிப்பட்ட எந்த மண்சட்டியும் போதும். தண்ணீரைப் பற்றிய பேச்சு மட்டும் வீண் பெருமையன்று. சுண்ணச்சத்து மிகுந்த கடினநீர் பெக்டினை மேலும் இறுக்கிவிடும்; ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேக மறுக்கிறதென்று நம்மூர்ப் பெண்கள் சொல்லும் குறையும் இதே ரசாயனந்தான். வருஷக்கணக்கில் மூட்டையில் கிடந்த பயற்றை மாத்திரம் எந்தத் தண்ணீராலும் திருத்த முடியாது. சூட்டிலும் ஈரத்திலும் நெடுநாள் இருந்த பயறு உள்ளுக்குள்ளேயே இறுகிப்போய்விடும். அதைத் தலைமுழுகிவிட்டுப் புதிது வாங்குவதே விவேகம்.

அடுத்த நம்பிக்கை ஆபத்தானது. ஆகையால் சற்று நின்று பேச வேண்டும். குளிர்காலக் கதம்பம் என்றாலே ஆரம்பம் முதல் முடிவு வரையில் மெல்லிய சூட்டில் வேக வேண்டும், கொதி என்பதே கூடாது என்று பலர் எண்ணுகிறார்கள். மின்சார மெதுவடுப்பு வந்தபின் இந்த எண்ணம் வலுத்தும்விட்டது. ராஜ்மா இனப் பயறுகளில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்னும் புரதம் இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் அது மிக அதிகம். வெள்ளையில் அதில் மூன்றில் ஒரு பங்கு. வேகாத சிவப்புப் பயறு நாலைந்தே உள்ளே போனாலும் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகலாம். முழுக் கொதியில் 10 நிமிஷத்தில் இந்த விஷம் அழிந்துவிடுகிறது. அமெரிக்க உணவு அதிகாரிகள் எச்சரிக்கையின் பொருட்டு 30 நிமிஷம் என்கிறார்கள். 80 டிகிரியில் மெல்ல வெதுப்பினாலோ விஷத்தன்மை குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடவும் செய்யும். லாங்குதோக்குப் பெண்கள் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் ஒரு கொதி விட்டு, அதையும் கொட்டிவிட்டு, மூன்றாவது நீரில்தான் நிதானச் சமையலைத் தொடங்குவார்கள். வயிற்றில் வாயு சேராமலிருக்க என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்த நீரோடு போவது உண்மையே. ஆயினும் அந்த ஆரம்பக் கொதியின் பெரும்பயன் வேறு. மெதுவடுப்பில் சமைக்கிறவர் பயற்றைத் தனியே நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே அதில் இடட்டும். பிரஷர் குக்கர் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

மாமிசத்தை முதலில் கொழுப்பில் சிவக்க வறுப்பது, சாறு வெளியேறாதபடி அதன் வாயில்களை அடைப்பதற்காக என்பது உலகம் முழுவதும் வேரூன்றிய ஐதிகம். அதைப் பரப்பிய பெருமை 1847-இல் மாமிசத்தின் ரசாயனத்தைப் பற்றி எழுதிய ஜெர்மானிய மேதை யுஸ்டஸ் ஃபான் லீபிக்கைச் சேரும். சிவந்த துண்டு வாணலியில் சொர்ரென்று ஓயாமல் சத்தமிடுகிறதே, அதுவே சாறு வெளியேறிக்கொண்டிருப்பதன் அறிகுறி. எதுவும் பூட்டப்படுவதில்லை. ஆயினும் வறுக்காமல் விடலாகாது. புரதமும் சர்க்கரையும் உஷ்ணத்தில் கூடிப் புதிய வாசனைகளைப் பிறப்பிக்கும் விந்தையை 1912-இல் பிரெஞ்சு ரசாயனி லூயி காமில் மாய்யார் விவரித்தார். அந்த விந்தை விறுவிறுப்பாக நடக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். சாறு நிறைந்த சட்டி 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே அந்த மணம் வேண்டுமானால் சட்டியில் இடுவதற்கு முன்பே தேடிக்கொள்ள வேண்டும். அல்லது ஈரம் வற்றிய மேல் ஏட்டிலே பெற வேண்டும்.

ஏட்டின் ரகசியமும் இதுதான். அதை 7 தடவை உடைத்து உள்ளே அமுக்க வேண்டும் என்பது காஸ்தெல்னோதாரியின் சாஸ்திரம். 8 என்பாரும் உண்டு. பயற்றின் மாவுச்சத்தும், தோலிலிருந்து இறங்கிய பசையும், சாசேஜின் கொழுப்பும் மேற்பரப்பில் காய்ந்து சிவக்கின்றன. அமுக்கும்போது அந்தச் சிவப்பின் மணம் சாற்றில் கலக்கிறது, மேலே உலர்ந்த பயறும் ஈரம் பெறுகிறது. அமுக்குவது அவசியம், எண்ணிக்கைக்கு எந்தப் பிரமாணமும் இல்லை. ரொட்டித்தூள் தூவுவது அபசாரம் என்பதும் சற்று மிகையே. ஆனால் அது இல்லாமல் ஏடு கட்டவில்லையென்றால், பன்றித்தோலைக் குறைத்துவிட்டோம் என்று அறிந்துகொள்ளலாம்.

சாசேஜ் விஷயத்தில் ஒரு வார்த்தை. தூலூஸின் சாசேஜ் புகையூட்டப்பட்டதன்று. பச்சைப் பன்றி இறைச்சியில் உப்பும் மிளகும் சேர்த்தது. புகை வாசனைதான் இந்தப் பதார்த்தத்தின் உயிர் என்று நினைத்து ஜெர்மானியச் சாசேஜை இடுகிறவர், பயற்றின் சுவையை அதனிடம் அடகுவைத்துவிடுகிறார். தனியே சிவக்க வறுத்து, கடைசி ஒரு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நலம்.

கோழியை எடுத்துக்கொண்டால், சாற்றில் மிதக்கும் மாமிசம் வறண்டுபோகாது என்னும் நம்பிக்கை எத்தனையோ நல்ல சட்டிகளைக் கெடுத்திருக்கிறது. சுமார் 60 டிகிரிக்கு மேலே தசைநார்கள் சுருங்கித் தம்முள் இருக்கும் ஈரத்தைப் பிழிந்து தள்ளிவிடும். வெளியில் எவ்வளவு சாறு இருந்தாலும் அது திரும்பி உள்ளே போவதில்லை. இரண்டு மணி நேரம் வெந்த கோழி நெஞ்சு, சாற்றின் நடுவே இருந்தும் நார் நாராக வறண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. தொடையும் காலும் தப்பிப்பது, அவற்றிலுள்ள இணைப்புத் திசு 70 டிகிரிக்கு மேலே மெல்லக் கரைந்து பசையாகி நார்களுக்கு வழவழப்புத் தருவதனால். கோழி இட்டால் அது காசூலேயே அன்று என்பாரோடு எனக்கு வழக்கில்லை. பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் மகிழட்டும். இளம் பிராய்லர் கோழியின் காலுக்கு 45 நிமிஷம் போதும், சாசேஜுக்குப் பிறகே அது சட்டிக்கு வரட்டும். முற்றிய நாட்டுக்கோழி கிடைத்ததானால் பயற்றோடு தொடக்கத்திலிருந்தே வேகட்டும்.

1903-இல் வெளியான நாவல் ஒன்றில் அனத்தோல் பிரான்ஸ், பாரிஸின் சிறு விடுதி ஒன்றில் ஒரே காசூலே 20 வருஷமாக வெந்துகொண்டிருப்பதாகவும், அவ்வப்போது பயறோ மாமிசமோ சேர்க்கப்படுவதாகவும் எழுதிவைத்தார். அன்றிலிருந்து, அடுப்பை அணைத்தாலும் சட்டியை அங்கேயே விட்டுவைப்பதுதான் மரபு என்று கருதுவோர் தோன்றிவிட்டனர். மறுநாள் காசூலேக்குச் சுவை கூடும் என்பது மெய். ஆறும்போது பசையும் மாவுச்சத்தும் இறுகி, உப்பும் மணமும் பயற்றுக்குள் பரவுகின்றன. ஆனால் கொதியிலும் சாகாத வித்துக்களையுடைய க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்னும் பாக்டீரியாவுக்கு, ஆழமான சட்டியில் மெதுவாக ஆறிக்கொண்டிருக்கும் மாமிசக் கதம்பத்தைப்போல் உகந்த இடம் வேறில்லை. இறக்கியவுடன் தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு நடுப்பகுதி வரையில் கொதிக்கக் காய்ச்சிப் பரிமாறலாம். மேல் ஏடு அப்போது இன்னொரு முறை சிவந்து வரும்.