டிஸ்க் சாஃப்ட்வேர் வீடியோவை ஏற்க மறுக்கிறதா?

அம்மா வீட்டில் இன்னும் டிவிடி பிளேயர்தான். டிஸ்க்கைப் போட்டுப் பட்டனை அழுத்தினால் படம் வந்துவிடும். அவருக்கு அதுதான் வசதி. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை உறவினர்கள் ஆளுக்கொரு செல்போனில் எடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து அம்மாவுக்கு ஒரு டிவிடி போட உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்க, ஃபைல் பொருந்தாது என்ற செய்திதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த டிஸ்க்கைப் போட்டு முடிப்பதற்குள் தெரிந்துகொண்டவை இவை.

1. எம்பி4, எம்ஓவி, எம்கேவி என்பதெல்லாம் டப்பாவின் பெயர்தான். உள்ளே இருக்கும் படம் எச்.264 ஆக இருக்கலாம், எச்.265 ஆக இருக்கலாம். ஒலி வேறொரு வகையாக இருக்கும். அதனால்தான் இரண்டு எம்பி4 ஃபைல்களில் ஒன்று சாஃப்ட்வேரில் ஏறுகிறது, இன்னொன்று ஏற மறுக்கிறது. பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றிப் பயனில்லை. லேபிளை மாற்றினால் மஞ்சள்தூள் மிளகாய்த்தூள் ஆகிவிடாது.

2. முதல் வேலையாக டப்பாவைத் திறந்து பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். பட வகை, அகல உயரம், ஒரு விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அது கான்ஸ்டன்ட்டா வேரியபிளா, ஒலி எத்தனை கிலோஹெர்ட்ஸ் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ‘விஎல்சி பிளேயரில் நன்றாக ஓடுகிறதே’ என்று விட்டுவிட வேண்டாம். விஎல்சி, பட, ஒலி வகைகளைப் படிக்க வேண்டிய கோடெக்குகளைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. டிஸ்க் சாஃப்ட்வேரிடமும் அவை இருக்கும் என்று சொல்ல முடியாது.

3. டிவிடி பொதுவாகக் கேட்பது இதுதான்: படம் எம்பெக்-2, பால் (PAL) என்ற டிவி முறையில் 720க்கு 576, விநாடிக்கு 25 ஃபிரேம், என்டிஎஸ்சி முறையில் 720க்கு 480, 29.97 ஃபிரேம். இரண்டிலும் ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். நீங்கள் எதைக் கொடுத்தாலும் சாஃப்ட்வேர் கடைசியில் இதற்குத்தான் மாற்றும். உள்ளே வருவதைப் படிக்கத் தெரியாதபோதுதான் மறுக்கிறது.

4. ஐபோன் வீடியோ ஏறவில்லையா? பெரும்பாலும் எச்.265தான் காரணம். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக்கில் போட்டு எச்.264 ஆக மாற்றுங்கள். தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை 18 அளவில் வையுங்கள். எண் குறையக் குறையப் படம் தெளிவாக இருக்கும். இனி எடுக்கப்போகும் வீடியோக்களுக்கு, போனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ தேர்வு செய்துவிட்டால் எச்.265 தொல்லை பெரும்பாலும் இல்லை.

5. ஏறிவிட்டது என்பதால் சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். என் முதல் டிஸ்க்கில் அப்பா தாலி கட்டிக் கையை எடுத்து, அம்மா நிமிர்ந்து, அட்சதை விழுந்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்டது. பார்த்ததும் மனசு கலங்கிவிட்டது. ஆரம்பத்தில் ஒலியும் படமும் சேர்ந்துதான் போயின; நாற்பது நிமிட ஃபைலில் போகப் போக விலகிவிட்டன. மீடியாஇன்ஃபோவில் பார்த்தால் ஃபிரேம் ரேட் ‘வேரியபிள்’ என்று இருந்தது. வெளிச்சம் குறைந்தால் செல்போன் விநாடிக்கு எடுக்கும் ஃபிரேமைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். சாஃப்ட்வேரோ எல்லா விநாடியும் ஒரே கணக்கு என்று வைத்து ஓட்டுகிறது. படம் முந்திக்கொண்டு ஓட, ஒலி பின்தங்கிவிடுகிறது. ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பகுதியில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ தேர்ந்தெடுத்து, ஒலியை 48க்கு வைத்து மாற்றிய பிறகு கெட்டிமேளம் அதன் இடத்தில் கேட்டது. ஏறிய ஃபைலாக இருந்தாலும், வேரியபிள் என்றால் மாற்றிவிட்டே சேருங்கள்.

6. செல்போன்கள் பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கின்றன. அதைப் பால் முறைக்கு 25 ஆகக் குறைத்தால், ஆள் நடக்கும்போது படம் லேசாக வெட்டும். எல்லாமே செல்போன் வீடியோ என்றால் என்டிஎஸ்சி வைத்து, ஹேண்ட்பிரேக்கிலும் 29.97 கொடுங்கள். நம் ஊர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டு முறையையும் ஓட்டும். ஒரே டிஸ்க்கில் இரண்டையும் கலக்கக் கூடாது.

7. பழைய கல்யாண விசிடியில் ‘எம்பெகேவி’ ஃபோல்டருக்குள் ‘.dat’ என்று முடியும் ஃபைல் இருக்கும். அதனுள்ளே இருப்பது எம்பெக்-1. பால் முறையில் 352க்கு 288. எம்பெக்-2 இல்லாவிட்டாலும் இந்தப் படத்தை டிவிடி அப்படியே ஏற்கும். தடையாக நிற்பது ஒலி, விசிடியில் அது 44.1 கிலோஹெர்ட்ஸ். 48க்கு மாற்றினால் ஏறும். அதற்கு முன் ஃபைலை ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. கீறல் விழுந்த விசிடி நாளைக்குப் படிக்கும் என்று உறுதியில்லை.

8. எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லையா? ஃபைலின் பெயரைப் பாருங்கள். தமிழில் பெயர் இருந்தால் பழைய சாஃப்ட்வேர்கள் தடுமாறும். ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தாலும் அப்படியே. வேலை முடியும் வரை ஆங்கில எழுத்தில் சின்னப் பெயராக மாற்றி வையுங்கள்.

9. சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி, கம்ப்யூட்டர் கணக்கில் 4.37 என்று காட்டும். ஒரு மணி நேரப் படத்துக்கு விநாடிக்கு 8 மெகாபிட், ஒன்றரை மணிக்கு 6.5, இரண்டு மணிக்கு 4.8 அளவில் கொடுக்கலாம். இரண்டு மணியைத் தாண்டினால் இரண்டு டிஸ்க்காகப் போடுவதே மேல். முகங்கள் கலங்கித் தெரியும் டிஸ்க்கை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

10. நேராக டிஸ்க்கில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ ஃபைலாகச் சேமித்து விஎல்சியில் ஓட்டுங்கள். தொடக்கம் மட்டும் போதாது. நடுவிலும் கடைசி ஐந்து நிமிடத்திலும் வாயசைவைப் பாருங்கள். பிறகு டிவிடி-ஆர் டிஸ்க்கில் 8 மடங்கு வேகத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். எழுதிய டிஸ்க்கைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ ஃபோல்டர் தெரிய வேண்டும். அதற்குப் பதில் உங்கள் எம்பி4 ஃபைல்களே தெரிந்தால், டேட்டா டிஸ்க்காக எழுதிவிட்டீர்கள் என்று பொருள். பழைய பிளேயரில் ஓடாது. ‘ஆடியோ டிஎஸ்’ காலியாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும்.